முயல் துப்பாக்கியும் புலித் துப்பாக்கியும்: பெங்களூர் வேட்டைக்காரர் ஆண்டர்சனின் கதை

ஓசூர் பஸ்ஸில் ஊருக்குப் போய்வரும் பெங்களூர்த் தமிழர்கள் ஏராளம். அந்த ரோட்டுக்குத் தெற்கே அடுக்கடுக்காகத் தெரியும் மலைக்காடு ஒரு காலத்தில் ஜனங்களை என்ன பாடு படுத்தியது என்பது இன்று அவர்களில் அநேகருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த குக்கிராமங்களில் ஆட்கொல்லிப் புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது என்று தெரிந்தால் மாடு மேய்க்கப் போக ஆள் கிடைக்காது. விறகு பொறுக்கப் பெண்கள் போகமாட்டார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே கதவு சாத்தப்படும். அப்படிப்பட்ட நாட்களில் ஜனங்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த ஒருவர் பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்குவார்.

அவர் ராஜா அல்ல, ஜமீன்தார் அல்ல, பட்டாளத்துத் தளபதியும் அல்ல. மாதச் சம்பளம் வாங்கிய உத்தியோகஸ்தர். பெயர் கென்னத் ஆண்டர்சன்.

தபால் இலாகாவில் 15 வருடம்

ஆண்டர்சன் பிறந்தது 1910 மார்ச் 8. ஐதராபாத் சமஸ்தானத்தில், செகந்தராபாத்தை அடுத்த பொலாரத்தில். குடும்பம் ஸ்காட்லாந்து வம்சம். ஆறு தலைமுறையாக இந்தியாவிலேயே வாழ்ந்த குடும்பம். தகப்பனார் ராணுவக் கணக்கு இலாகாவில், சிப்பாய்களுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் பிரிவில் அதிகாரி.

பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் பையன் படித்தான். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மனம் அங்கே ஒட்டவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பெங்களூருக்கே திரும்பிவிட்டார். வக்கீலாகியிருந்தால் ஆங்கிலேயர் போனபோது அவரும் கப்பல் ஏறியிருக்கக்கூடும். அப்படிப் போகாமல் கடைசி மூச்சு வரை இந்த ஊரிலேயே இருந்தார்.

தபால் தந்தி இலாகாவில் சுமார் 15 வருடம் வேலை பார்த்தார். பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டப் பிரிவு மேலாளரானார். கன்னடம் பேசுவார். தமிழும் பேசுவார். இந்தத் தமிழ்தான் பின்னால் அவருக்குத் துப்பாக்கியை விடப் பெரிய துணையாக இருந்தது எனலாம். சேலம் ஜில்லாக் காட்டில் காலடி பார்த்து வழி சொன்னவர்கள் எல்லாம் தமிழும் கன்னடமும் தவிர வேறு அறியாத ஏழைகள். சின்னாற்றங்கரையில் மண்ணைக் குடைந்து வளை போல அமைத்துக் குடியிருந்த பூசாரி இனத்தைச் சேர்ந்த பைராவை அவர் தம் குருவாகவே நினைத்தார். பென்னாகரத்து ரங்கா இன்னொரு கூட்டாளி. வெள்ளைக்காரர் என்ற வித்தியாசம் பாராமல் அவர்களோடு தரையில் படுத்து, அவர்கள் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டுக் காட்டைப் படித்தார்.

எந்தப் பிராணிக்கு எந்தத் துப்பாக்கி?

வேட்டை என்றதும் புலிதான் எல்லோருக்கும் நினைவு வரும். உண்மையில் அந்நாளில் துப்பாக்கி பிடித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சுட்டது முயல், கவுதாரி, காட்டுக்கோழி போன்ற சிறு பிராணிகளைத்தான். லைசென்ஸ் வாங்கப் போகும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, எந்தத் துப்பாக்கி வாங்குவது என்பது. அதில் பலர் பிசகினார்கள். அந்தப் பிசகின் பலனை வேறு யாரோ அனுபவித்தார்கள். ஆண்டர்சனின் கதையே ஏறக்குறைய இதுதான்.

ரைபிளை அதன் குழல் துவாரத்தின் அளவைச் சொல்லி அழைப்பது வழக்கம். .22 என்றால் ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கி அதில் 22 பங்கு. மில்லிமீட்டரில் ஐந்தரைக்குச் சற்று மேல். மிகவும் புழக்கத்தில் உள்ள .22 தோட்டாவின் ஈயக்குண்டு 40 கிரெயின், அதாவது இரண்டரை கிராம் சொச்சம். சத்தம் குறைவு. தோளில் உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். தோட்டா விலையும் மலிவு. ஐம்பது அறுபது கஜத்தில் முயலின் தலையைக் குறி பார்த்தால் கறி கெடாமல் அந்த இடத்திலேயே விழும். இதையே பெரிய ரைபிளால் சுட்டால் சமைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பறக்கும் பறவைக்கு ரைபிளே உதவாது. அதற்கு ரவை சிதறும் 12 போர் துப்பாக்கி வேண்டும். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். நாற்பது கஜத்துக்கு மேல் ரவை பரவிவிடும். அதற்குள் அடித்தால்தான் அடி.

சின்னத் துப்பாக்கிதானே என்ற அலட்சியம் .22 விஷயத்தில் ஆகாது. அந்தத் துளிக் குண்டு தடையில்லாமல் போனால் ஒரு மைலுக்கு மேல் போகும். பாறையிலோ தண்ணீரிலோ பட்டால் தெறித்துத் திசை மாறும். முயலுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா, மாடு மேய்க்கும் பையன் இருக்கிறானா என்று பார்க்காமல் விசையை அழுத்தக்கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஆசை. முயலுக்கு என்று எடுத்துப் போன துப்பாக்கியோடு நிற்கையில் எதிரே புள்ளிமானோ காட்டுப்பன்றியோ வந்து நின்றால் கை சும்மா இருப்பதில்லை. குண்டு படும், பிராணி விழாது. புதருக்குள் போய் நாள் கணக்கில் கிடந்து சாகும். பன்றியானால் பட்ட குண்டோடு பிழைத்து அடுத்து வருகிறவன் தொடையைக் கிழிக்கும். வந்தது சிறுத்தையாக இருந்துவிட்டால்?

ஆண்டர்சன் தேர்ந்தது

அவர் வாழ்நாள் முழுவதும் நம்பியது ஒரு .405 வின்செஸ்டர். 1895 மாடல் என்று பெயர் பெற்ற அமெரிக்க ரைபிள். வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். .405 தோட்டா 1904ல் வந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909ல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது கொண்டுபோனதும் இதே ரகம்.

இதன் குண்டு 300 கிரெயின். .22 குண்டைப் போல ஏழரை மடங்கு எடை. வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் குழல் வாயில் அதன் தாக்கும் சக்தி .22 தோட்டாவினுடையதைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு. விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலைக் கையால் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். ரைபிளைத் தோளிலிருந்து இறக்க வேண்டியதில்லை. பாய்ந்து வரும் மிருகத்துக்கு முன்னால் அந்த ஒரு வினாடிதான் உயிர்.

மகாராஜாக்களும் பெரிய துரைமார்களும் வைத்திருந்தது லண்டன் கம்பெனிகள் கையால் செய்த இரட்டைக் குழல் ரைபிள். அது சம்பளக்காரனுக்கு எட்டாத விலை. வின்செஸ்டர் யந்திரத்தில் செய்து எண்ணிக்கையில் விற்ற சரக்கு. நன்றாக உதைக்கும், பார்வைக்கும் லட்சணம் போதாது. ஆனால் தபால் இலாகா உத்தியோகஸ்தர் வாங்கக்கூடிய விலையில், புலியை நிறுத்தக்கூடிய பலம் அதில் இருந்தது. இரவில் உட்காரும்போது குழலில் ஒரு டார்ச் விளக்கைப் பொருத்திக்கொள்வார். வேறு ஆடம்பரம் இல்லை. கூட ஒரு 12 போர் துப்பாக்கியும் உண்டு.

ஆட்கொல்லி நடமாடும் காட்டில் வேட்டைக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூடாரத்துக் குழம்புக்கு ஒரு காட்டுக்கோழி கூடச் சுடக்கூடாது. ஒரு வெடிச்சத்தம் கேட்டால் போதும், புலி பத்து மைல் தள்ளிப் போய்விடும். அங்கே இன்னொரு கிராமம் இருக்கிறது.

ஜவளகிரிப் பெண்புலி

ஆண்டர்சன் சுட்ட ஆட்கொல்லிகளில் பல, பிறவியில் ஆட்கொல்லிகள் அல்ல. மனிதனைக் கண்டால் விலகிப் போவதுதான் புலியின் சுபாவம். ஓடிப் பிடிக்கும் சக்தி போனால்தான் அது மெதுவாக நடக்கிற, கொம்பில்லாத, நகமில்லாத இந்தப் பிராணியைத் தேடி வருகிறது. முள்ளம்பன்றி முள் குத்திக் காலோ கண்ணோ கெடலாம். வயதாகிப் பல் போகலாம். மூன்றாவது காரணம் மனிதனின் அரைகுறைக் குண்டு.

ஜவளகிரிப் பெண்புலியின் கதையை அவர் எழுதியிருக்கிறார். அதன் ஜோடி திருட்டு வேட்டைக்காரர்களின் குண்டுக்குப் பலியாயிற்று. ஜோடியைத் தேடிக் கத்திக்கொண்டு திரிந்த பெண்புலியை, தோல் வேண்டும் என்ற ஆசையில் வந்த ஒரு வேட்டைக்காரர் சுட்டார். குண்டு இடம் தவறிப் பட்டது. அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதன் பிறகுதான் ஆட்கள் சாகத் தொடங்கினார்கள். செத்தவர்களில் எவனும் அந்தப் புலியைச் சுட்டவன் அல்ல.

பல இரவுகள் வீணான பின் ஆண்டர்சன் ஒரு வித்தை செய்தார். ஆண்புலி ஜோடியைக் கூப்பிடுவதைப் போலத் தாமே குரல் கொடுத்தார். ஜோடியை இழந்த அந்தப் புலி குரலை நம்பி வந்தது. அருகில் வந்தபோது சுட்டார். அந்தக் கதையைப் படிக்கிறவர்களுக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் சங்கடமும் வரும்.

நாட்டுத் துப்பாக்கிகளின் கதையும் இதில் சேர்ந்ததுதான். கருமருந்தை வாய்வழியாக இடித்து, மேலே ஈயத்துண்டோ, ஆணியோ, சைக்கிள் பால்ரஸ் குண்டோ போட்டுச் சுடும் துப்பாக்கி காட்டோரக் கிராமங்களில் அந்தக் காலத்தில் சகஜம். கடலைக் கொல்லையையும் ராகியையும் பன்றியிடமிருந்து காப்பாற்ற வேண்டிய குடியானவன் கையில் அகப்பட்டது அதுதான். .405 வாங்க அவனிடம் பணம் இல்லை. அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனால் அந்தச் சிதறல் குண்டு தண்ணீர் குடிக்க வந்த சிறுத்தையின் காலில் பட்டால் முடிவு என்னவோ ஒன்றுதான்.

எல்லா ஆட்கொல்லிகளுக்கும் இந்தக் காரணம் பொருந்தாது. பென்னாகரத்துக்கு அருகே முண்டாச்சிப்பள்ளத்தில் ஏழு பேரைக் கொன்ற புலிக்கு உடம்பில் எந்தக் குறையும் தெரியவில்லை. நீலகிரி அடிவாரத்தில் ஐந்து பேரைக் கொன்ற சேகூர்ப் புலியோ ஊனப்பட்ட புலி. தளிக்கு அப்பால் கும்மளாபுரம், தேவர்பெட்டா வட்டாரத்தில் 42 பேர் உயிரைக் குடித்த சிறுத்தையும் அவர் கையால்தான் முடிந்தது.

அரசாங்கக் கணக்குப்படி 1939 முதல் 1966 வரை அவர் சுட்ட ஆட்கொல்லிகள் 8 சிறுத்தை, 7 புலி. கணக்கில் வராதவை இன்னும் அதிகம் என்று பேச்சு உண்டு. அவர் எழுதிய சம்பவங்கள் பலவற்றுக்கு அவரே சாட்சி என்பதால், கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பார் என்று சொல்வோரும் உண்டு. இருக்கலாம். ஆனால் குறி தவறிய இரவுகளையும், தாம் பயந்து நடுங்கிய நேரங்களையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பொய் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை.

அரசிக்கெரே கரடி

புலியை விட மோசமான பேர் எடுத்தது ஒரு கரடி. மைசூர் ராஜ்யத்தில் அரசிக்கெரேக்குப் பக்கத்து நாகவாரா மலைப்பகுதியில் குறைந்தது 12 பேரைக் கொன்று, இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் காயப்படுத்தியது. கரடி தாக்கினால் முகத்தைத்தான் குறிவைக்கும். தப்பியவர்கள் பலர் கண் இழந்து, மூக்கு இழந்து வாழ வேண்டியதாயிற்று. அரசிக்கெரே பக்கம் ஒரு தர்காவைப் பார்த்துக்கொண்டிருந்த ஆலம் பக்ஷ் என்ற பெரியவர் ஆண்டர்சனுக்கு நண்பர். அவருடைய மகனையே கரடி கொன்றுவிட்டது. செய்தி வந்ததும் ஆண்டர்சன் கிளம்பினார். ஒரே தடவையில் காரியம் முடியவில்லை. மூன்றாம் முறை போனபோதுதான் கரடி விழுந்தது.

வீட்டுக்கு வந்த கரடிக்குட்டி

இன்னொரு கரடியின் கதையை நம் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். மத்திய அரசுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பல ஆண்டுகள் இருந்த பாடம் அது.

மைசூர் அருகே கரும்புத் தோட்டங்கள் வழியே ஆண்டர்சனும் நண்பர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். காட்டுப்பன்றிகளை ஆட்கள் விரட்டியபோது ஒரு கரடி வெளியே வந்தது. யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கூட இருந்தவர்களில் ஒருவர் யோசிக்காமல் சுட்டுவிட்டார். கரடி செத்து விழுந்தது. அதன் முதுகில் கறுப்பாக ஏதோ அசைந்தது. பார்த்தால், தாயின் உடம்பை விடாமல் பற்றிக்கொண்டிருந்த குட்டி.

குட்டியைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். புரூனோ என்று பெயர் வைத்தார்கள். பிறகு பாபா ஆயிற்று. சோறு, பால், பாயசம், சாக்லேட் என்று வீட்டில் இருந்ததை எல்லாம் தின்றது. ஒருநாள் எலிக்கு வைத்த பேரியம் கார்பனேட்டைத் தின்று கை கால் விளங்காமல் கிடந்து, மிருக வைத்தியர் ஊசி போட்டுப் பிழைத்தது. காரிலிருந்து வடித்து வைத்திருந்த பழைய இன்ஜின் ஆயிலைக் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை. வளர்ந்து பெரிதானதும் வீட்டில் வைத்திருக்க முடியாமல் மைசூர் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அது சாப்பிட மறுத்தது. இங்கே அம்மாளும் ஏங்கினார். மூன்று மாதம் கழித்து அவர் மைசூருக்குப் போனபோது கரடி தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டு தலைகீழாக நின்று கூத்தாடியது. கடைசியில் அனுமதி வாங்கி பெங்களூருக்கே திருப்பிக் கொண்டுவந்து, வீட்டு வளவில் சுற்றிலும் பள்ளம் வெட்டி, நடுவில் ஒரு தீவு அமைத்து அதில் வைத்தார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு விநாடி அவசரம். சுட்டவர் கையில் துப்பாக்கி இருந்தது, எதிரே பிராணி இருந்தது, அவ்வளவுதான்.

சின்னத் துப்பாக்கிப் பெரியவர்கள்

சிறு துவார ரைபிளால் பெரிய காரியம் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907ல் சுட்டபோது, அதற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்தது .275 ரிக்பி என்ற மெல்லிய ரைபிள். துவாரம் 7 மில்லிமீட்டர்தான். 1926ல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை அதனால்தான் முடித்தார். கார்பெட்டும் ரயில்வேயில் மோகாமே காட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்துப் பிழைத்த மனிதர் என்பது கவனிக்கத் தக்கது. ஆப்பிரிக்காவில் பெல் என்பவர் அதே அளவு ரைபிளால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார்.

ஆனால் இவர்கள் எங்கே அடித்தால் மூளை, எங்கே அடித்தால் இருதயம் என்று மனப்பாடமாக அறிந்தவர்கள். சரியான இடம் தெரியாவிட்டால் சுடாமல் திரும்பிவரும் பொறுமை உள்ளவர்கள். அந்தப் பெயரைக் கேட்டு, சின்ன ரைபிளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர்களால் காடு பட்டது கொஞ்சமல்ல.

காமிராவும் சட்டமும்

1954ல் ஆண்டர்சனின் முதல் புத்தகம் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு மதயானையையும் பற்றிய புத்தகம். அதன் பிறகு வரிசையாகப் பல. கன்னட எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வி அவற்றைக் கன்னடத்தில் தந்த பின் கர்நாடகத்தில் அவரை அறியாத வாசகர் இல்லை என்றாயிற்று.

வயது ஏற ஏறத் துப்பாக்கியில் அவருக்கு ஆசை குறைந்தது. காமிராவை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவதே பிடித்தது. இளமையில் அவரும் விளையாட்டுக்காகச் சுட்டவர்தான். காடு சுருங்குவதையும், ஜீப் விளக்கில் கண் கூசி நிற்கும் மானை ரோட்டிலிருந்தே சுட்டுத் தள்ளும் கூட்டம் பெருகுவதையும் பார்த்து மனம் மாறினார். தம் புத்தகங்களில் அதைக் கடிந்து எழுதினார்.

1970ல் புலி வேட்டைக்கு நாடெங்கும் தடை வந்தது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்திலும் முதலில் சிறு பிராணி வேட்டைக்கு லைசென்ஸ் என்று ஒரு பிரிவு இருந்தது. 1991ல் திருத்தம் வந்து அதுவும் போயிற்று. இன்று காட்டு முயலை .22 கொண்டு சுட்டாலும் குற்றம், .405 கொண்டு சுட்டாலும் குற்றம். மனித உயிருக்கு ஆபத்தான மிருகத்தை மட்டும், தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து மூலமான உத்தரவின் பேரில் கொல்லலாம். அதற்கும் முன்னதாக மயக்க ஊசி போட்டுப் பிடிக்க முடியுமா என்று பார்த்தாக வேண்டும்.

அவர் அலைந்த காட்டின் பெரும்பகுதி இப்போது காவேரி வடக்கு, காவேரி தெற்கு என்ற இரண்டு சரணாலயங்களாகிவிட்டது. முதலாவது 2014ல், இரண்டாவது 2022ல் அறிவிக்கப்பட்டது. ஜவளகிரியும் அஞ்செட்டியும் தெற்குச் சரணாலயத்தைச் சேர்ந்த வட்டாரம்.

ஆண்டர்சன் புற்றுநோய் கண்டு 1974 ஆகஸ்ட் 30ம் தேதி பெங்களூரில் காலமானார். வயது 64. அதே ஆண்டுதான் நகரத்தின் ஓரத்திலிருந்த பன்னர்கட்டாக் காடு தேசியப் பூங்காவாயிற்று. பழைய காடுகளைப் பற்றி அவர் எழுதிவைத்திருந்த கடைசிப் புத்தகம் 1976ல் வெளிவந்தது. தகப்பனாரோடு இளவயதில் காட்டுக்குப் போய்ப் பழகிய மகன் டொனால்டு, பெங்களூரிலேயே வாழ்ந்து 2014ல் மறைந்தார்.